வளைகுடாவில் எமது இளையோர்: வராதவர்களின் கணக்கை யார் எழுதுவது?

ஆகஸ்ட் 12ஆம் திகதியை அனைத்துலக இளையோர் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 1999இல் அறிவித்தது. வளைகுடாவில் அந்த நாள் வருவது பாடசாலைகள் மூடிக் கிடக்கும் கடும் கோடையில். விமானச் சீட்டுக்குக் காசு உள்ள குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அப்போது மிஞ்சி இருப்பவர்கள் இரண்டு பகுதியினர். ஒன்று, சீட்டு வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள். மற்றது, மதியம் 12.30 முதல் 3 மணி வரை மட்டும் சட்டப்படி வெயிலிலிருந்து விலக்குப் பெற்ற கட்டடத் தொழிலாளர்கள். இரு பகுதியினரும் இளையோரே. ஆனால் எமது சங்கங்களும் மன்றங்களும் இளையோர் நிகழ்வுகளைப் பெரும்பாலும் செப்டெம்பருக்குப் பிறகுதான் தொடங்குகின்றன, 'எல்லோரும் திரும்பி வந்த பிறகு'. அந்த 'எல்லோரும்' என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறோம்.

கணக்கு எழுதுபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு நிறுவனத்தின் நோக்கம் என்ன என்று அறிய அதன் ஆண்டறிக்கையின் முதற்பக்கத்தைப் படிப்பதில்லை. காசு எங்கே போயிருக்கிறது என்று செலவுப் பக்கத்தைப் புரட்டுவோம். இளையோருக்கான வேலைத்திட்டங்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 'அனைவரையும் உள்ளடக்கிய' என்று அழைப்பிதழில் அச்சிடுவது இலகு. வர முடியாத பிள்ளையை வரவழைக்க எவ்வளவு ஒதுக்கினோம் என்ற வரி பாதீட்டில் இல்லையென்றால், அந்தப் பிள்ளை எமது திட்டத்திலும் இல்லை.

சட்டம் சொல்வதும் கட்டணச் சீட்டு சொல்வதும்

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் விடயத்தில் அமீரகம் கடந்த இருபது ஆண்டுகளில் வந்திருக்கும் தூரம் குறைவானதல்ல. 2006இல் இயற்றப்பட்ட 29ஆம் இலக்கக் கூட்டாட்சிச் சட்டம் அவர்களுக்குக் கல்வியில் சம வாய்ப்பை உறுதி செய்தது. 2017 ஏப்ரலில் தேசியக் கொள்கை ஒன்று வந்தபோது அவர்களைக் குறிக்கும் அதிகாரபூர்வப் பெயரே மாற்றப்பட்டது. 'மனவுறுதி படைத்தோர்' என்ற பொருள்படும் அரபுச் சொல் இன்று விமான நிலையப் பலகையிலும் வாகனத் தரிப்பிடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் டுபாயின் அறிவு மற்றும் மனித மேம்பாட்டு ஆணையம், தனியார் பாடசாலைகள் இப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதற்கான கொள்கைச் சட்டகத்தை வெளியிட்டது. 2019 மார்ச்சில் அபுதாபியில் நடந்த சிறப்பு ஒலிம்பிக் உலக விளையாட்டுகளில் 7,000க்கும் மேற்பட்ட வீரர்கள் பங்கேற்றார்கள். மத்திய கிழக்கில் அந்த விளையாட்டுகள் நடந்தது அதுவே முதல் தடவை.

இவையெல்லாம் உண்மையான முன்னேற்றம். எமது ஊரில் இன்றும் பல பாடசாலைகளில் சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பாதை இல்லை என்பதை நினைத்தால் இதன் பெறுமதி விளங்கும்.

ஆனால் வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பாடசாலைகளில்தான் படிக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு உதவிக்கும் ஒரு விலை உண்டு. பாடசாலை எல்லாப் பிள்ளைகளுக்கும் தரும் வழமையான உதவிக்கு மேலாக, தனக்கென ஒரு துணை ஆசிரியர் ஒரு பிள்ளைக்குத் தேவைப்பட்டால், அந்தச் செலவு பெற்றோரிடம் வரலாம். பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை என்பன தனிக் கணக்கு. அமீரகத்தில் குடும்பத்தை அழைத்து வைத்திருக்க ஒருவருக்கு இருக்க வேண்டிய குறைந்த மாத வருமானம் 4,000 திர்ஹம், அல்லது வீட்டு வசதியுடன் 3,000 திர்ஹம். அந்த எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் எழுதுவினைஞர், சாரதி, கடை மேற்பார்வையாளர் வீட்டில் ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒன்று இருந்தால் கணக்கு எப்படி வரும்? பாடசாலைக் கட்டணமும் வீட்டு வாடகையும் போன பிறகு துணை ஆசிரியருக்கான சம்பளத்தை எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது?

நடப்பது எமக்கெல்லாம் தெரிந்ததே. தாயும் பிள்ளையும் ஊருக்குத் திரும்புவார்கள். தகப்பன் மட்டும் 'பெட் ஸ்பேஸ்' ஒன்றுக்கு மாறி, மாதாமாதம் காசு அனுப்புவார். அந்தக் குடும்பம் எந்தப் புள்ளிவிபரத்திலும் 'பாடசாலை மறுத்தது' என்று பதியப்படாது. சட்டத்தை யாரும் மீறவுமில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை விடுபட்டுவிட்டது.

சவூதி அரேபியாவில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. அங்கே 2017 ஜூலையில், வெளிநாட்டுத் தொழிலாளியைச் சார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆண்டுக்கு 100 ரியால் வீதம் கூடி, 2020 ஜூலையில் அது 400 ரியாலாகியது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400 ரியால். பாடசாலைக் கட்டணத்திற்கு முன்பே கட்ட வேண்டிய காசு இது. பல குடும்பங்கள் அந்த ஆண்டுகளில் மூட்டை கட்டின. வகுப்பின் நடுவில் பாடத்திட்டம் மாறி, மொழி மாறி, நண்பர்களை இழந்து யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருச்சியிலும் புதிதாகத் தொடங்கிய பிள்ளைகளுக்கு எந்த அமைப்பிடம் திட்டம் இருந்தது? அனுப்பிய நாட்டிலும் இல்லை, ஏற்ற ஊரிலும் இல்லை.

பதினெட்டும் இருபத்தைந்தும்

வளைகுடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த மண் ஊராக இருக்கலாம், நாடாக இராது. வதிவிட விசா தகப்பனுடையதோ தாயினுடையதோ. முன்பு அமீரகத்தில் ஆண் பிள்ளைக்கு 18 வயதானதும் அந்த நிழல் சுருங்கத் தொடங்கும். 2022 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அதை 25 வயது வரை நீட்டின. மணமாகாத மகளுக்கும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கும் வயதெல்லை இல்லை. பெரிய ஆறுதல்தான். ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் பதின்ம வயதுப் பிள்ளை ஒரு கேள்வியோடுதான் வளர்கிறது: அதற்குப் பிறகு எங்கே?

திறமைசாலிக்கு விடை இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் 95 வீதத்திற்கு மேல் பெற்ற மாணவருக்கு அமீரகம் 'தங்க விசா' தருகிறது. வசதி உள்ள பிள்ளைக்கும் விடை இருக்கிறது: மெல்பேர்ன், ரொரன்ரோ, லண்டன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போரின் பிள்ளைகளுக்கு, வளைகுடாத் தொழிலாளரின் பிள்ளைகள் என்ற தனிப் பிரிவில் இந்தியாவின் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் இடம் ஒதுக்கப்படுகிறது. எழுபது வீதம் எடுத்த, தகப்பன் கடையில் வேலை செய்யும் பிள்ளைக்குத்தான் விடை இல்லை. எண்ணிக்கையில் எந்த வகுப்பிலும் நடுத்தரப் பிள்ளைகளே அதிகம்.

எமது அமைப்புகள் என்ன செய்கின்றன? பொங்கல் விழாவில் அதிக புள்ளி பெற்றவருக்குக் கேடயம். பேச்சுப் போட்டியில் முதல் மூவருக்குப் பரிசு. நடனம் பழக வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மேடை. இவற்றைக் குறை சொல்ல வரவில்லை. மொழியும் கலையும் அந்நிய மண்ணில் இப்படித்தான் உயிரோடு இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே ஏணியில் நிற்பவருக்குக் கைதட்டும் திட்டங்கள் இவை. ஏணியே கிடைக்காதவருக்கு என்ன வைத்திருக்கிறோம்? பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிக்கலாம், எந்த நாட்டில் எவ்வளவு செலவாகும், ஊருக்குத் திரும்பினால் எந்தச் சான்றிதழ் செல்லும் என்று தகப்பனையும் பிள்ளையையும் ஒன்றாக இருத்தி ஒரு மணி நேரம் விளக்க ஒருவர் இருந்தால், அது பத்துக் கேடயங்களை விட அந்த வீட்டுக்குப் பெறுமதி.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு விழாவுக்கு வரும் பெற்றோர் எம்மிடையே இருக்கிறார்கள். 'பிள்ளை சத்தம் போடும், சனம் பார்க்கும்' என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் பெற்றோர் அல்ல, பார்க்கும் சனமாகிய நாம்தான். மண்டபத்தின் ஓரத்தில் ஓர் அமைதியான அறை, ஒலிபெருக்கியின் சத்தம் குறைந்த முதல் ஒரு மணி நேரம், வாசலில் இவர்களை வரவேற்கத் தெரிந்த இரண்டு இளையோர். இவ்வளவுதான் தேவை. இதற்குக் காசும் பெரிதாகத் தேவையில்லை.

முகாமில் இருக்கும் இளைஞன்

இளையோர் என்றால் பாடசாலைப் பையோடு வரும் பிள்ளை என்றே நாம் பழகிவிட்டோம். டுபாய் சோனாப்பூரிலும் அபுதாபி முசாஃபாவிலும் டோஹா கைத்தொழில் பேட்டையிலும் அடுக்குக் கட்டிலில் படுத்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு என்ன பெயர்? அவரை நாம் 'தொழிலாளர்' என்கிறோம். வெயிலில் தண்ணீர்ப் போத்தலும் நோன்பு மாதத்தில் உணவுப் பொதியும் கொடுக்கிறோம். அவரும் ஓர் இளைஞர், அவருக்கும் படிக்க ஆசை உண்டு, பாட்டு எழுத வரும், பந்து வீச வரும் என்பது எமது திட்டங்களில் எங்கும் எழுதப்படவில்லை. அமீரகம் தனது குடிமக்களான இளையோருக்காக 15 முதல் 35 வரையான வயதினரைக் கணக்கில் எடுக்கிறது. 2016இல் 22 வயதுப் பெண் ஒருவரை இளையோர் அமைச்சராகவே நியமித்தது. அதே வயதில் எமது பையன் சாரத்தில் நிற்கிறான்.

வீட்டுப் பணிக்கு வரும் எமது பெண்களின் நிலை இன்னும் மறைவானது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1988இல் பிறந்தவர். 2005இல் வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சவூதிக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு 17 வயது. போன சில வாரங்களில் அவர் பார்த்துக்கொண்ட கைக்குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்பது அவர் தரப்பு. தகுதியான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், சட்டத்தரணி இல்லாமல் வாக்குமூலம் பெறப்பட்டது. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றப்பட்டது. அதன் பின் சவூதிக்குப் பணிப்பெண்ணாகச் செல்வதற்கான குறைந்த வயதை இலங்கை 25 ஆக உயர்த்தியது. 2022இல் நாடு கடனில் மூழ்கி டொலருக்குத் தவித்தபோது, வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் குறைந்த வயது 21 ஆகக் குறைக்கப்பட்டது. பாதுகாப்புக்காக உயர்த்திய வயது, காசுக்காக இறங்கியது.

ரிசானாவுக்குத் தேவைப்பட்டவை சிறியவை: தமிழ் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர், அழைக்க ஒரு தொலைபேசி எண், தன் உரிமை என்ன என்று முன்கூட்டியே சொன்ன ஒருவர். இன்று அமீரகத்தில் வீட்டுப் பணியாளருக்கான 2022ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் சம்பளத்துடன் ஓய்வு தருகிறது. சட்டம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஹட்டனிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் பெண்ணின் கைத்தொலைபேசியில் அது தமிழில் இருக்கிறதா? எமது இளையோரில் அரபியும் ஆங்கிலமும் தமிழும் தெரிந்த பிள்ளைகள் ஏராளம். அவர்களின் திறமைக்கு இதைவிட நல்ல பயன் என்ன?

முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. சிங்கப்பூரில் 2014 முதல் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான கவிதைப் போட்டி நடந்திருக்கிறது. வங்காளியரோடு தமிழ்த் தொழிலாளர்களும் தம் மொழியிலேயே எழுதி மேடை ஏறினார்கள். அங்கே அவர்கள் உதவி பெறுபவர்களாக அல்ல, எழுத்தாளர்களாக அழைக்கப்பட்டார்கள்.

காசு எங்கிருந்து, எந்த வழியில்?

லண்டனிலும் ரொரன்ரோவிலும் இருப்பவர்கள் எமக்கு ஆலோசனை சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே பத்துப் பேர் கூடினால் ஓர் அமைப்பு, உண்டியலைச் சுற்றினால் ஒரு நிதியம். இங்கே அப்படியில்லை. அமீரகத்தில் நன்கொடை திரட்டுவதை 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கூட்டாட்சிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அனுமதி பெற்ற நிறுவனங்கள் மட்டுமே பொதுமக்களிடம் காசு சேர்க்கலாம். நல்ல நோக்கத்தோடு வாட்ஸ்அப் குழுவில் 'ஆளுக்கு 50 திர்ஹம்' என்று கேட்பவரும் சட்டச் சிக்கலில் மாட்டலாம். ஆகவே எந்தத் திட்டமும் இரண்டு வழிகளில்தான் போக முடியும். ஒன்று, ஏற்கெனவே அனுமதி பெற்ற சமூக நிலையம், பாடசாலை, தூதரக நலப் பிரிவு ஆகியவற்றின் குடைக்குள் செயற்படுவது. மற்றது, 1979இல் தொடங்கிய ஷார்ஜா மனிதாபிமான சேவை நகரம், 1981இல் தொடங்கிய டுபாய் அல் நூர் நிலையம் போன்ற சிறப்பு நிலையங்களோடு, அவற்றின் விதிகளுக்கு உட்பட்டு, தன்னார்வலர்களாக இணைவது.

வெளியிலிருந்து கற்க வேண்டியவை இரண்டு. சிங்கப்பூரில் 1991இல் உருவான 'சிண்டா' எனப்படும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு, இந்திய வம்சாவளி ஊழியர்களின் சம்பளத்திலிருந்து வருமானத்துக்கேற்ப மாதம் 1 டொலர் முதல் 30 டொலர் வரை போகிறது. விரும்பாதவர் விலகலாம். ஒரு செல்வந்தரின் காசோலைக்காகக் காத்திருக்கும் திட்டம் அவர் கோபித்தால் நின்றுவிடும். சிறு தொகை பலரிடமிருந்து ஒழுங்காக வந்தால் பத்தாண்டுத் திட்டம் போடலாம். அதே முறையை இங்கே நகலெடுக்க முடியாது, ஆனால் அனுமதி பெற்ற நிலையத்தின் உறுப்பினர் சந்தாவை வருமானத்துக்கேற்ப அமைக்க முயலலாம்.

மற்றது கனடா. ரொரன்ரோவில் இளையோர் குழுச் சண்டைகளில் உயிர்கள் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1998இல், கனேடியத் தமிழ் இளையோர் மேம்பாட்டு மையம் தொடங்கப்பட்டது. அதன் சிறப்பு, இளையோருக்காகப் பெரியவர்கள் அமைத்ததாக இல்லாமல் இளையோரே முன்நின்று நடத்தியது. எமது நிர்வாகக் குழுக்களில் 'இளையோர் அணிச் செயலாளர்' நாற்பத்தைந்து வயதினராக இருப்பது இங்கே பலரும் அறிந்த பகிடி.

திட்டம் போடும்போது கேட்க வேண்டியவை

நிர்வாகக் குழு ஒன்று கூடும்போது மேசையில் வைக்க ஐந்து கேள்விகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, வாகனம். ஒரு பேச்சுக்கு 20,000 திர்ஹம் பாதீடு என்று வைப்போம். மண்டபம், ஒலியமைப்பு, சிறப்பு விருந்தினரின் விமானச் சீட்டு, கேடயம், சாப்பாடு என்று முழுவதும் தீர்ந்துவிடும். முகாமிலிருந்தும் மெட்ரோ இல்லாத புறநகரிலிருந்தும் ஒரு பஸ் ஒழுங்கு செய்ய எவ்வளவு? விருந்தினரின் சீட்டுக் காசில் பெரும்பாலும் அது முடிந்துவிடும்.

இரண்டாவது, நாள். அமீரக அரசு 2022இல் வார இறுதியைச் சனி, ஞாயிறாக மாற்றியது. ஆனால் பல தொழிலாளருக்கு இன்றும் ஒரே ஒரு நாள்தான் ஓய்வு. சனிக்கிழமை காலையில் வைக்கும் நிகழ்வு, யாரை அழைக்கவில்லை என்பதைத் தானே சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, கட்டணம். 'காசு இல்லாதவர்கள் எம்மிடம் கேட்கலாம்' என்று சொல்வது போதாது. கேட்க வெட்கப்படுபவரே பெரும்பான்மை. எல்லோருக்கும் ஒரே பற்றுச்சீட்டு, கட்டியவர் யார் கட்டாதவர் யார் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரியும் என்ற ஒழுங்கு வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு. பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொரு தன்னார்வலரும் யார், எங்கே வேலை செய்கிறார், யார் பரிந்துரைத்தார் என்ற பதிவு இல்லாமல் எந்த முகாமும் நடத்தக் கூடாது. 'எங்கட ஆள்தானே' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

ஐந்தாவது, முடிவெடுக்கும் மேசை. அந்தக் குழுவில் இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருவர், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் பெற்றோர் ஒருவர், முகாமிலிருந்து ஒருவர் இருக்கிறார்களா? அவர்களுக்கு வாக்கும் இருக்கிறதா?

நிகழ்வு முடிந்ததும் வந்தவர் தொகையைப் படத்தோடு பத்திரிகைக்கு அனுப்புகிறோம். அதே தாளின் மறுபக்கத்தில் வராதவர்களையும் எழுதுவோம். சென்ற ஆண்டு வந்து இந்த ஆண்டு வராத பிள்ளைகள் யார், குடும்பம் ஊருக்குப் போய்விட்டதா, தகப்பன் வேலை இழந்தாரா, பிள்ளை கூச்சப்படுகிறதா என்று தொலைபேசியில் கேட்டு எழுதினால் பத்து அழைப்புகளில் ஒரு பக்கம் நிறைந்துவிடும். அடுத்த ஆண்டுத் திட்டத்தை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.

அரசுகளின் விசா விதியை எம்மால் மாற்ற முடியாது. பாடசாலைக் கட்டணத்தையும் குறைக்க முடியாது. ஆனால் பஸ் எந்த முகாமுக்குப் போக வேண்டும், மேடையில் யார் ஏற வேண்டும், மேசையில் யார் அமர வேண்டும் என்பவை முழுக்க எமது கையில் உள்ளவை. செப்டெம்பரில் குழுக்கள் கூடும்போது, விருந்தினர் பட்டியலுக்கு முன்பாக இவற்றைப் பேசித் தீர்மானிக்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை.